பதிமூன்றரையாவது வளைவு

ஐப்பசி மாதத்தில் ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஓய்ந்தபோது, ஆத்தங்கரைப்பட்டியிலிருந்து ஊசிமேட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் பதிமூன்றாவது வளைவுக்கும் பதினான்காவது வளைவுக்கும் நடுவே புதிதாக ஒரு வளைவு முளைத்திருந்தது. அன்று காலையில் காப்பிக்கொட்டை மூட்டையோடு கீழே இறங்கியவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒன்பது நாள் மழைக்குக் காளான் முளைக்கிறது, பாறையில் ஊற்று முளைக்கிறது, பாதையில் வளைவு முளைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அதன் வழியாகவே நடந்து போனார்கள்.

ஊருக்குள் அதைப் பற்றி நடந்த ஒரே வாக்குவாதம் அதற்கு என்ன எண் கொடுப்பது என்பதுதான். அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வெள்ளையடித்த ஒரு கல் உண்டு, கல்லில் கறுப்பு மையால் எழுதிய எண் உண்டு, மொத்தம் பதினேழு. புதியதைப் பதினாலு என்று வைத்தால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஒன்று தள்ளிப்போகும். பதினைந்தாவது வளைவுக் காப்பித் தோட்டம் என்று பத்திரத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் பதினாறுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் பேசி, பதிமூன்றரை என்று முடிவு செய்து, ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து நட்டு, வெள்ளையடித்து, 13½ என்று எழுதினார்கள். பாதையை அளக்க ஒருவர் டேப்போடு வந்தார். மூன்று முறை அளந்தும் முன்பிருந்த அதே பதினோரு கிலோமீட்டர்தான் வந்தது. அவர் ஒரு டீ குடித்துவிட்டு, பதினோரு கிலோமீட்டர் என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

டேப்புக்குத் தெரியாதது வீரணனின் ஜீப்புக்குத் தெரிந்தது.

ஊசிமேட்டுக்கு இருந்தது அந்த ஒரு ஜீப்தான். ரேஷன் அரிசியும் சிமெண்டும் மருந்தும், ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்த பிள்ளைகளும், வெளியூரில் கட்டிக்கொண்டு வந்த மருமகள்களும் அதில்தான் மேலே வந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அதை ஓட்டிய வீரணன் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான் என்று ஊரில் சொல்வார்கள், அது பாதிக்கு மேல் உண்மைதான், ஏனென்றால் அவன் காதால் ஓட்டுகிறவன். எஞ்சினுக்குள் டாப்பெட் ஒன்று லேசாகத் தட்டினால் அவனுக்குத் தெரியும், வலதுபக்கப் பின்சக்கரத்து பேரிங் தொண்டை கட்டியதுபோல் முனகினால் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பதினான்கு பேரின் பேச்சு அவன் காதில் விழாது, பாதையோரத்துக் கல்லும் கண்ணில் படாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, லோ கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்த ஜீப் பதிமூன்றைத் தாண்டியதும் கொதித்தது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு அங்கேயே நின்றது, பானட்டின் இரண்டு பக்கமும் ஆவி பீறிட்டது. வீரணன் எஞ்சினை அணைத்துவிட்டு, பானட்டைத் தூக்கி, அது அடங்கும்வரை அரைமணி நேரம் அதன் பக்கத்திலேயே நின்று, ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, கேனிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். மறுநாளும் அதே இடம், அதே அரைமணி. அதற்கடுத்த நாளும்.

அவன் கீழே மீரான் பாயிடம் போனான். ஆத்தங்கரைப்பட்டிச் சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மெக்கானிக் பட்டறை போட்டிருந்த மீரான் பாய், எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்கிறவர்.

"சமத்துல ஓட்டுனா சுடுதா?"

"இல்ல பாய். பட்டி ரோட்டுல அறுபதுல போனாலும் முள்ளு பாதியைத் தாண்டாது. மேல ஏறுறப்பதான்."

"சரி, ஒவ்வொண்ணாப் பாப்போம்."

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தார், அதன் ரப்பர் தடித்திருந்தது, மாற்றினார். மறுநாளும் கொதித்தது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், தொய்ந்திருந்தது, புதிதாகப் போட்டார். கொதித்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எதிர்த்த டீக்கடையில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அது வாய் திறக்கிறதா என்று டீ குடிக்க வந்தவர்களோடு சேர்ந்து பார்த்தார். அது ஒழுங்காகத் திறந்தது. ரேடியேட்டரின் சல்லடைக் கண்களில் சேறும் அதன்மேல் மலைக்காட்டு இலவம்பஞ்சும் மெத்தைபோல் அப்பியிருந்தன, பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்சி அத்தனையையும் வெளியே தள்ளினார். அதற்குப் பிறகும் கொதித்தது. கடைசியில் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழ் வருகிறதா என்று குனிந்து நெடுநேரம் பார்த்தார். வரவில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் ஆயிலாகவே இருந்தது, பால்போல் வெளுக்கவில்லை.

"எஞ்சின் ஹெட்டு நல்லாத்தான் இருக்கு, கசிவில்ல," என்றார். "ஆனா தெனமும் இப்படிக் கொதிக்கவிட்டா ஒருநாள் வெடிச்சிரும். அப்புறம் உங்க ஊருக்கு வண்டி கெடையாது."

வீரணனுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அவன் மனைவி பவளக்கொடி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே வாட்டர் பம்பு சத்தத்தை மனசுக்குள் ஓட்டிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆனால் அந்த அரைமணி நேரத்தில் மற்றவர்களுக்கு வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஊசிமேட்டுப் பாதை கடைசிவரை காட்டுக்குள்ளேயே ஏறி, திடீரென்று ஊரின் நடுவில் கொண்டுபோய் விடுகிற பாதை, அதனால் ஊரை வெளியிலிருந்து பார்த்தவர் யாரும் அதுவரை கிடையாது. பதிமூன்றரையில் மரங்கள் விலகியிருந்தன. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், உள்ளங்கையில் எடுத்து வைத்தாற்போல் ஊரின் நாற்பத்தோரு வீடுகளும் தெரிந்தன, கொடியில் காயும் சேலையின் நிறம் தெரிந்தது, எந்த வீட்டில் உலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஊரிலிருந்து பார்த்தாலோ அந்த இடத்தில் வெறும் மரங்கள்தான். ஜீப் கொதித்ததும் எல்லோரும் இறங்கி, பாதையோரம் வரிசையாக நின்று, அவரவர் வீட்டை அவரவர் பார்த்தார்கள்.

காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வரும் பொன்னுத்தாயி, நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத தன் மாமியார், மருமகள் வருகிற நேரம் பார்த்து அவள் பக்கத்து முற்றத்தையும் கூட்டித் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தாள். இத்தனை நாளும் முற்றத்தைக் காற்று கூட்டுகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாலை வகுப்பெடுக்கத் தினம் கீழேயிருந்து ஜீப்பில் வரும் ஆரோக்கியமேரி டீச்சர், தான் இன்னும் போய்ச் சேராத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வதைப் பார்த்தார். தன் வீட்டுப் பின்சுவர் இவ்வளவு அழுக்கா என்று வெட்கப்பட்ட ஒருவர் சுண்ணாம்பு வாங்கி வந்தார், அதைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் ஊரே பள்ளத்தாக்கைப் பார்த்த சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டது. வளைவில் நின்று பார்த்ததை வீட்டுக்குப் போய்ச் சொல்லுவதில்லை என்று யாரும் பேசிவைக்காமலே ஒரு வழக்கமும் வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் வீரணனின் தலை பானட்டுக்குள்ளேயே இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் மீரான் பாய், தானே ஏறி வந்து பார்ப்பதாகச் சொன்னார். மலை என்றால் தலைசுற்றும் அவருக்கு. முன்சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்து, மறுகையால் வளைவுக்கு ஒரு விரல் மடக்கிக்கொண்டே வந்தார். பதிமூன்று தாண்டிக் கொதித்ததும் இறங்கி, ஆவியைப் பார்க்காமல், போய்க் கல்லைப் பார்த்தார்.

"வீரணா, இது எத்தனாவது வளைவு?"

"பதினாலு."

"கல்லுல பதிமூணரைன்னு போட்ருக்கே."

வீரணன் தலையைத் தூக்கினான். துணியும் கையுமாக வந்து கல்லைப் பார்த்தான். வண்டியிலிருந்து இறங்கியவர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"இது எப்ப வந்துச்சு?"

"ஐப்பசியிலயே வந்திருச்சேண்ணே," என்றாள் பொன்னுத்தாயி. "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

மீரான் பாய் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய செய்தித்தாளை எடுத்தார். எஞ்சின் கொஞ்சம் அடங்கியதும் தண்ணீர் ஊற்றச் சொல்லி, மறுபடி ஓடவிட்டு, தாளை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்துக் கையை எடுத்தார். தாள் ஒரு நொடி நின்று, சரிந்து, பாதையில் விழுந்தது.

"பாத்தியா? காத்தாடி இழுக்குற காத்து இது வழியா வரல. பக்கத்துல இருந்து வந்துட்டுப் போகுது. சமத்துல ஓடுற வண்டிக்கு எதுத்தாப்புல காத்து அடிக்கும், கொறை தெரியாது. ஊர்ந்து ஏறுற வண்டிக்குக் காத்தாடியவிட்டா நாதி ஏது? காத்தாடியச் சுத்தி ஒரு கூடு இருக்கணுமே, எங்க அது?"

"வெடிச்சு ஒரசிக்கிட்டு இருந்துச்சு பாய். ஆறு வருசம் இருக்கும், கழட்டிப் போட்டுட்டேன்."

"அப்ப ஆறு வருசமா இது விளிம்புலதான் ஏறியிருக்கு. முள்ளு செவப்பத் தொடுறதுக்குள்ள பதினேழு முடிஞ்சிரும், நீ மேல போய் நிப்பாட்டிருவ. இப்ப ஒண்ணு கூடிப்போச்சு, அது மத்த எல்லாத்தையும்விடச் செங்குத்து. வளைவ நான் கழட்ட முடியாது. கூட்டை மாட்டிர்றேன்."

மறுநாள் தகரத்தை வெட்டி, வளைத்து, ஆணி அடித்து, காற்றாடியைச் சுற்றி ஒரு கூடு செய்து பொருத்தினார். செய்தித்தாளைப் பிடித்துக் கையை எடுத்தபோது அது ரேடியேட்டரோடு பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டது. வீரணன் அந்தத் தாளைப் பிய்த்தெடுத்து, மறுபடி ஒட்டவைத்து, மறுபடி பிய்த்து, பிள்ளைபோலச் சிரித்தான்.

அன்று மாலை ஜீப் பதிமூன்றைத் தாண்டியது, பதிமூன்றரைக்குள் நுழைந்தது, முள் நடுவில் அசையாமல் இருந்தது. வெளியே வரும்போதுதான் பின்னால் ஏதோ குறைகிறது என்று அவனுக்குத் தோன்றியது. யாரும் பேசவில்லை. மேரி டீச்சர் கம்பியில் தட்டினார்.

"வீரணன், கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"என்ன டீச்சர், எதுவும் விழுந்திருச்சா?"

"இல்ல... சும்மாதான். கொஞ்ச நேரம்."

அவன் குழம்பி, வண்டியைப் பின்னால் எடுத்து, வளைவில் நிறுத்தி அணைத்தான். எல்லோரும் இறங்கி வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். அவனும் பழக்கத்தில் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஊற்ற இடமில்லை. கேனைக் கையில் பிடித்தபடி, செய்ய வேலையற்றவனாக, மற்றவர்கள் பார்த்த பக்கம் பார்த்தான்.

தன் வீட்டைக் கண்டுபிடிக்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, தானே வர்ணம் பூசிய நீலக் கதவை வைத்து அடையாளம் கண்டான். முற்றத்தில் ஒரு பெண் இருந்தாள், யார் வீட்டுப் பெண் நம் வீட்டில் நிற்கிறாள் என்று நினைத்தான். அவள் கயிற்றுக் கட்டிலில் பரத்தியிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் பார்த்து மடித்து, ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தாள். எல்லாம் வைத்து முடித்ததும் பெட்டியை மூடி, அதன் மேல் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல. தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். அந்தச் சாய்வில்தான் அது பவளக்கொடி என்று அவனுக்குத் தெரிந்தது.

வீரணன் திரும்பினான். அவனைச் சுற்றி நின்றவர்கள் வானத்தையும் மரத்தையும் தங்கள் செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இது எத்தன நாளா நடக்குது?"

"தினமும்தான்," என்றார் மேரி டீச்சர், மெதுவாக. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்."

அவன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உறுமிய அடுத்த கணம், இன்னும் ஏறாமல் நின்ற பொன்னுத்தாயி, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னாள். "சத்தம் கேட்டுருச்சு. பெட்டிய உள்ள கொண்டு போறாங்க."

பொழுது சாய அவன் வீட்டுக்குப் போனபோது பவளக்கொடி காப்பி கொடுத்தாள். அவன் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எங்கயும் போகணுமா ஒனக்கு?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"எங்கன்னு தெரிஞ்சிருந்தாப் போயிருக்க மாட்டேனா?"

"எப்ப இருந்து இப்படி?"

"நம்ம புள்ள செல்வி கல்யாணமாகிப் போனதுல இருந்து. இந்த வீட்டுல பேச்சுச் சத்தம்னு ஒண்ணு அவளோடயே போயிருச்சு. நீங்க வருவீங்க, டாப்பெட் தட்டுதும்பீங்க, படுத்துருவீங்க. போன ஆடியில ஒரு வாரம் நான் வாயே தொறக்காம இருந்து பாத்தேன். நீங்க கேக்கவேயில்ல."

அவன் யோசித்தான். போன ஆடியில் வாட்டர் பம்பு பேரிங் கத்தியது எந்தக் கிழமை தொடங்கி எந்தக் கிழமை நின்றது என்று அவனால் சொல்ல முடிந்தது. அந்த ஒரு வாரத்தை அவனால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"நாளைக்குப் பெட்டிய ஜீப்புல வச்சுக்க," என்றான். "எங்க எறங்கணும்னு தோணுதோ சொல்லு. நிப்பாட்டுறேன்."

மறுநாள் காலையில் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து இறங்கினான். பள்ளத்தாக்கு நிறைய மூடுபனி கிடந்தது, பதிமூன்றரையில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அவள் எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆத்தங்கரைப்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டாள்.

"நானும் வரட்டா?"

"வேண்டாம்."

"வருவியா?"

"தெரியலைங்க," என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள்.

இருபத்து மூன்று நாள் அவன் தனியாக இருந்தான். தினமும் மாலையில் ஜீப்பைப் பதிமூன்றரையில் நிறுத்தினான். எஞ்சின் குளிர்ந்து கிடக்க, மூடிய நீலக் கதவையும், புகை வராத கூரையையும், முற்றத்தில் மேயும் கோழிகளையும் பார்த்தான். ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் அவனுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஒருநாள் தன் முற்றத்தைப் பொன்னுத்தாயியின் மாமியார் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். இன்னொரு நாள் கோழிகளுக்கு யாரோ தீனி போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் சத்தமே இல்லாத அந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்து, ஓடாத எஞ்சினைக் கேட்பதுபோல அதைக் கேட்டான். அதில் தட்டலில்லை, முனகலில்லை, ஒன்றுமே இல்லை. இதற்குள்ளேதான் அவள் தினமும் சமைத்திருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஜீப் ஓட்டும்போது பின்னால் பேசுகிறவர்களின் பேச்சு காதில் விழத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். மேரி டீச்சர் இருமுவதை அவனாகவே கேட்டு, துளசி பறிக்க வண்டியை நிறுத்தினான். டீச்சர் ஆச்சரியத்தில் இருமவே மறந்துபோனார்.

மார்கழி பிறந்து எட்டாம் நாள், மூன்று மணிக்கு, ஆத்தங்கரைப்பட்டியில் ஜீப் நிற்கிற புளியமரத்தடியில் பவளக்கொடி பெட்டியோடு நின்றாள். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள். வீரணன் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான்.

"எங்க போன?"

"செல்வி வீட்டுக்குப் போனேன். அப்புறம் அக்கா வீட்டுக்கு. அங்கயும் இருக்க முடியல. ஒரு பஸ்ஸப் பிடிச்சுக் கடல் வரைக்கும் போனேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கு மேல பஸ் இல்ல," என்றாள்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவளே சிரித்துவிட்டாள்.

ஜீப் ஏறியது. வழியெல்லாம் அவள் கடலைப் பற்றிச் சொன்னாள். அது ஒரு நிமிடம்கூட வாயை மூடுவதில்லை என்று சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே ஓட்டினான், ஐந்தாவது வளைவில் கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றினான், இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக. பதிமூன்றரையில் நிறுத்தினான். மூடுபனி இல்லாத மாலை. அவள் இறங்கி, ஓரத்தில் நின்று, எதிரே தெரிந்த வெள்ளைச் சுவர்களைப் பார்த்தாள்.

"நம்ம வீடு எது?"

"அந்த நீலக் கதவு."

அவள் அதைப் பார்த்தாள். கயிற்றுக் கட்டிலைப் பார்த்தாள். முற்றத்தில் பெட்டி வைக்கிற இடத்தைப் பார்த்தாள்.

"தெனமும் இம்புட்டுப் பக்கத்துலயா நின்னீங்க?"

"ஆமா."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"கேட்டிருக்காது."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

வீரணன் பள்ளத்தாக்கின் ஓரத்துக்குப் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, மூச்சை இழுத்து, "பவளம்!" என்று கத்தினான். குரல் பள்ளத்தைத் தாண்டிப் போனது. எதிரே கோழிகள் சிதறின. மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து, யார் கூப்பிட்டது என்று நாலாபக்கமும் பார்த்தார்கள். பொன்னுத்தாயியின் மாமியார் நீலக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க?" என்றாள் பவளக்கொடி, அவனுக்குப் பக்கத்தில் நின்றபடி.

எங்கே தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தொடங்கினான். அவன் பேச ஆரம்பித்ததைப் பார்த்ததும் மேரி டீச்சரும் பொன்னுத்தாயியும் மற்றவர்களும் பையைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்கு நேரமாகும் என்று தெரிந்தவர்களாக, பாதையோரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள்.